மூணு தலையணை

நாக்பூருக்கு மாற்றலாகி வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. போன டிசம்பரில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாங்க. ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துட்டாங்க. நெஞ்சுக்குள்ள விசில் சத்தம் வேற. குளிருக்கு வந்த வீசிங்னு நானே முடிவு பண்ணி, பையனோட இன்ஹேலரைக் கொடுத்தேன். பி.காம். படிச்ச டாக்டர்! அரை மணி நேரம் வீணாப் போனதுதான் மிச்சம். அப்புறம்தான் ஆஸ்பத்திரி.

ட்யூட்டியில் இருந்த சின்ன வயசு டாக்டரம்மா, கட்டில் பக்கத்திலேயே ஒரு ஸ்கேன் மெஷினைத் தள்ளிட்டு வந்து, நெஞ்சில் ஜெல் தடவினாங்க. அந்த இறைப்பிலும் அம்மாவுக்குக் கோபம். "எனக்கு எதுக்குடா ஸ்கேனு? நான் என்ன புள்ளத்தாச்சியா?" என்ன சொல்றாங்கன்னு டாக்டர் ஹிந்தியில் கேட்க, நான் அசடு வழிஞ்சேன்.

காத்துக்குள்ள ஸ்கேன் ஒலி போகாது. அதனால நுரையீரலுக்கு இது உதவாதுன்னுதான் ரொம்ப நாள் நினைச்சாங்களாம். பிரான்ஸ் நாட்டு டாக்டர் டேனியல் லிக்டன்ஸ்டைன் 1990களில் அதை மாத்திக் காட்டினார். மூச்சுத்திணறலுக்கு அவர் வகுத்த 'ப்ளூ' முறை 2008ல் வெளியாச்சு. நுரையீரலில் நீர் கோத்தா, திரையில் மேலிருந்து அடிவரைக்கும் வெள்ளைக் கோடுகள் இறங்கும். ஒரு விலா இடுக்கில் மூணு அல்லது அதுக்கு மேல, ரெண்டு பக்கமும் பல இடங்களில் தெரிஞ்சா, இதயம் தடுமாறுதோன்னு பலமான சந்தேகம். நிமோனியா, நுரையீரல் தழும்பிலும் கோடு வரலாம். அதனால ஈசிஜி, ரத்தம், எக்கோ எல்லாம் சேர்த்துத்தான் முடிவு.

அம்மாவுக்கு ரெண்டு பக்கமும் கோடுதான். ஆஸ்துமா இல்லை, ஹார்ட் ஃபெயிலியர். ஆக்சிஜன் வச்சு, நீர் பிரிய ஊசி போட்டாங்க. விடியறதுக்குள்ள மூச்சு தணிஞ்சது. மறுநாள் பார்த்தப்போ கோடுகளும் குறைஞ்சிருந்தது.

டாக்டர் என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "எத்தனை தலையணை வச்சுப் படுக்கறாங்க?"

வந்தப்போ ஒண்ணு. அடுத்த வாரம் ரெண்டு. அப்புறம் மூணு. ஒவ்வொண்ணையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கேஷில் பத்து ரூபாய் இடிச்சா வீட்டுக்குப் போகாம தேடுற ஆளு, இந்தக் கணக்கைப் பார்க்கலை.

உங்க வீட்டுப் பெரியவங்க இன்னொரு தலையணை கேட்டா, கொடுங்க. ஏன்னும் கேளுங்க.