கேன் தண்ணீரில் வாடிய செடிகள்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை, தொழிற்சாலைகளை நம்பி எழுந்த வாடகை வீடுகள் பலவற்றில் இருவகைத் தண்ணீர் புழங்குகிறது. குளிக்க, துவைக்க ஆழ்துளைக் கிணற்று நீர். குடிக்கக் கேன் தண்ணீர். ஒரகடத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் என் தங்கை மகன் தன் மீன்தொட்டிக்கும் கேன் தண்ணீரையே ஊற்றி வந்தான். மனிதர் குடிப்பதே மீனுக்கும் சிறந்தது என்ற நல்லெண்ணம். மூன்று மாதத்தில் செடிகள் கரையத் தொடங்கின.

"மாமா, பிள்ளை தினமும் அழுகிறாள். எல்லாவற்றையும் செம்பரம்பாக்கம் ஏரியில் விட்டுவிடலாமா? உயிர்களாவது பிழைக்குமே" என்று அவன் கேட்டபோது பதறிப்போனேன். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி அது. தொட்டிக் கண்ணாடியைத் துடைக்க வாங்கப்படும் தென் அமெரிக்கச் சக்கர் மீன், வெளியே விடப்பட்டுத் தமிழக நீர்நிலைகளில் பரவியிருக்கிறது. குளங்களை மூடும் ஆகாயத்தாமரையும் அழகுக்காக வந்த செடிதான். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை நாம் அறிவோம். வாங்கி வளர்க்கும் உயிர் அமானிதம். ஏரியில் கொட்டிவிட்டு அந்தப் பொறுப்பிலிருந்து விடுபட முடியாது.

கடைக்காரர் புதுச்செடி வாங்கச் சொன்னாராம். கடைக்காரர் வேறென்ன சொல்வார்! நான் இலைகளைப் பார்த்தேன். நைட்ரஜன், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை குறைந்தால் செடி அவற்றைப் பழைய இலைகளிலிருந்து எடுத்துத் தளிருக்கு அனுப்பும்; தான் உண்ணாமல் பிள்ளைக்கு ஊட்டும் தாயைப் போல. எனவே அடியிலைகள் மஞ்சளாகும். பொட்டாசியக் குறைவில் சிறு ஓட்டைகளும் விழும். இரும்பும் கால்சியமும் அவ்வாறு இடம் மாறுவதில்லை. அவை குறைந்தால் தளிரே வெளுத்துச் சுருளும். அந்தத் தொட்டியில் இரண்டு அறிகுறிகளும் இருந்தன.

உப்பளவு காட்டும் சிறு மீட்டரில் கேன் நீர் 35, குழாய் நீர் 900. வடிகட்டும்போது உப்போடு செடியின் உணவும் போய்விடுகிறது. மீன் கழிவு நைட்ரஜனைத் தரும். பொட்டாசியத்தையும் இரும்பையும் போதிய அளவு தராது. தூய்மை என்றால் ஒன்றுமே இல்லாமை என்று எண்ணிக்கொள்கிறோம். சூரா அர்ரஹ்மான் பேசும் மீஸான், அந்தச் சமநிலை, என் நினைவில் வந்து நின்றது.

ஒரு பங்கு குழாய் நீருக்கு இரு பங்கு கேன் நீர் கலக்கச் சொன்னேன். ஒரே நாளில் மாற்றினால் மீன்கள் தாங்கா. வாரந்தோறும் கால் தொட்டி போதும். கொளத்தூர் மீன் சந்தையில் கிடைக்கும் பொட்டாசியம், இரும்புத் திரவத்தைக் குப்பியில் குறித்த அளவில் பாதி மட்டும் ஊற்றினோம். இரவு ஷிப்டு நாட்களில் விளக்கு 14 மணி நேரம் எரிந்திருக்கிறது. உணவு ஈடுகொடுக்காத இடத்தில் நீண்ட ஒளி பாசியைத்தான் வளர்க்கும். டைமர் வைத்து 7 மணி நேரமாக்கினோம். மணலில் புதைந்து அழுகிக்கொண்டிருந்த அனுபியாஸின் தண்டுக்கிழங்கை எடுத்துக் கல்லில் கட்டினோம்.

ஓட்டை விழுந்த இலை மீண்டும் தேறாது. புதிதாக வருவதையே பார்க்க வேண்டும் என்று பிள்ளையிடம் சொல்லி, ஓர் அளவுகோலையும் கையில் கொடுத்தேன். நான்காம் வாரம் அவள் அளந்த வாலிஸ்நேரியாத் தளிர் 6 சென்டிமீட்டர், நல்ல பச்சை. அல்ஹம்துலில்லாஹ். மாற்றி எடுக்கும் தொட்டி நீரை இப்போது பால்கனிக் கறிவேப்பிலைக்கு ஊற்றுகிறார்கள்.