உதடு வெந்த கதை

தலைப்பைப் பார்த்துவிட்டு தப்பாக நினைக்க வேண்டாம். நிஜமாகவே உதடு வெந்துபோன கதைதான் இது. காதல், கீதல் எதுவும் கிடையாது.

நான் தூத்துக்குடிக்காரன். அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. சின்ன வயதில் லீவு நாட்களில் அளத்துக்குப் போய் வரப்பில் விளையாடி வளர்ந்தவன். அதனால் போன வருடம் மார்ச்சில் கல்லூரிக்குப் பத்து நாள் மட்டம் போட்டுவிட்டு, நாங்கள் ஆறு பேர் உத்தரகண்டில் கேதார்காந்தா மலை ஏறக் கிளம்பியபோது, குளிருக்குத்தான் பயந்தேனே தவிர வெயிலை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. தெர்மல் பனியன், ரெண்டு ஸ்வெட்டர், அம்மா கட்டிக் கொடுத்த பருப்புப் பொடி எல்லாம் பையில் இருந்தது. கூட வந்த தோழி ஒருத்தி டேராடூனில் வண்டி ஏறும் முன் லிப் பாம் வாங்கினாள். "எல்லாரும் ஒண்ணு வாங்கிக்கோங்கப்பா" என்றாள். பையன்கள் நாங்கள் நான்கு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "மலைக்குப் போறியா, மாப்பிள்ளை பாக்கப் போறியா?" என்று கேட்ட புண்ணியவான் நானேதான்.

டேராடூனிலிருந்து சாங்க்ரி கிராமத்துக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர், ஒரு முழு நாள் பயணம். அங்கிருந்துதான் நடை. ஜூடா கா தாலாப் என்கிற ஏரியைத் தாண்டியதும் பனி ஆரம்பித்தது. வாழ்க்கையில் முதல் முறையாகப் பனியைப் பார்க்கிற தூத்துக்குடிக்காரன் என்ன செய்வானோ அதையெல்லாம் செய்தேன். தின்றும் பார்த்தேன்.

மூன்றாம் நாள் நள்ளிரவு தாண்டிக் கிளம்பி, விடிகிற நேரத்தில் உச்சி. 12,500 அடி. சுவர்க்காரோகிணி, பந்தர்பூஞ்ச் சிகரங்கள் எல்லாம் கண்ணுக்கு எதிரே. அந்தக் காட்சியை வர்ணிக்க எனக்குத் தெரியாது, விட்டுவிடுகிறேன். இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. ஆனால் சுடவே இல்லை. சில்லென்று காற்று. மூச்சு வாங்கியதால் வாயைத் திறந்துகொண்டே நடந்தேன். உதடு காய்ந்தது, நாக்கால் தடவிக்கொண்டேன். பிறகு ஞாபகம் வந்து கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லியும் பூசினேன். எங்கள் வழிகாட்டி மட்டும் மூக்கிலிருந்து கழுத்து வரை துணியைச் சுற்றியிருந்தார். அவருக்குக் குளிர் போல என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் தெரிந்தது. டம்ளர் பட்டதும் உயிர் போனது. மறுநாள் காலையில் கீழுதடு வீங்கி, நீர் கோத்துக் கொப்புளம் கொப்புளமாக. மேலுதடு பரவாயில்லை. மூக்குத் துவாரத்துக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் எரிச்சல். வெயில் மேலிருந்துதானே வரும், தாடைக்கு அடியில் எப்படிச் சுட்டது?

ஊருக்கு வந்து உட்கார்ந்து படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. நம்மைச் சுடுவது வெயிலின் சூடு அல்ல, புற ஊதாக் கதிர். 1000 மீட்டர் உயரத்துக்கு சுமார் 10 சதவீதம் என்று அது கூடிக்கொண்டே போகிறது. கேதார்காந்தா 3,800 மீட்டர். ஆக, கடலோரத்தில் விழுவதைவிட 40 சதவீதம் போல அதிகம். அது மேலிருந்து வருவது. புதுப்பனி தன் மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்குமாம். அது கீழிருந்து வருவது. வாயைப் பிளந்துகொண்டு நடக்கிற மலையேறிகளுக்கு மேலண்ணம்கூட வெந்துபோவது உண்டு என்று படித்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நான் அந்த அளவுக்குப் போகவில்லை.

உதட்டின் கதையே தனி. மற்ற இடத்தோலைவிட அதன் மேலடுக்கு மெல்லிசு. கருப்பு நிறத்தைத் தருகிற மெலனின் மிகக் குறைவு. வியர்வைச் சுரப்பியும் இல்லை. நம்ம ஊர் நிறம் வெயில் தாங்கும் என்கிற என் பெருமையெல்லாம் உதட்டுக்குச் செல்லாது. அதிலும் கீழுதடு வானத்தைப் பார்த்து நிற்கிறது. நான் பூசிய ஜெல்லி காய்ச்சலைத் தடுக்கும், கதிரைத் தடுக்காது. தேங்காய் எண்ணெயும் ஏறக்குறைய அப்படித்தான். எஸ்.பி.எஃப் 30 ஆவது உள்ள லிப் பாம் வேண்டும். அதையும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, தின்றால் குடித்தால் மறுபடியும் பூச வேண்டும். உதட்டை நாக்கால் தடவவே கூடாது. கூடவே அந்த வழிகாட்டி மாதிரி ஒரு துணி. மனுஷன் குளிருக்காகக் கட்டவில்லை!

இதில் அவமானப்பட்டது நான் மட்டுமில்லை என்பது ஒரு சந்தோஷம். ஃபிரான்ஸ் கிரைட்டர் என்கிற வேதியியல் மாணவர் 1938இல் ஆல்ப்ஸில் பிஸ் புயின் சிகரம் ஏறி நன்றாக வெந்து திரும்பியிருக்கிறார். அந்தக் கடுப்பில் 1946இல் பனிமலைக்காரர்களுக்கு ஒரு கிரீமே தயாரித்துவிட்டார். நான் பதிவு எழுதுகிறேன். அவரவர் தகுதி.

இனிமேல்தான் சொல்ல வந்ததே. வீங்கிய உதட்டோடு வீட்டுக்குப் போனேன். அம்மா பல்லி எச்சம் என்று முடிவே கட்டிவிட்டாள். அப்பா அளத்திலிருந்து வந்து, கால் கழுவும்போது நிமிர்ந்து பார்த்தார்.

"ஏலே, என்னல உதடு? அளத்துக்குப் புதுசா வந்தவன் மாதிரி இருக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பனி வெள்ளை, உப்பும் வெள்ளை. பாத்தியில் குனிந்து உப்பு வாருகிறவருக்கும் மேலிருந்தும் கீழிருந்தும்தான் வெளிச்சம். நான் பட்டது ஒரு நாள். அவர் முப்பது வருடம். முகத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறேனே தவிர, அவர் உதட்டை அன்றுதான் உற்றுப் பார்த்தேன். கீழுதட்டின் நடுவில் வெளிறி, செதில் செதிலாக ஒரு இடம். உதட்டின் ஓரக்கோடே அங்கே அழிந்திருந்தது. "அது கெடக்கு நாலஞ்சு வருசமா. பீடிச் சூடு" என்றார்.

ஆறாத உதட்டுப் புண்ணைப் பற்றி அதற்கு முந்தின ராத்திரிதான் படித்திருந்தேன். மூன்று நாள் சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வெயில் பட்டுப் பட்டு வருகிற மாற்றம், ஆக்டினிக் கைலைட்டிஸ் என்று பெயர், சிலருக்குப் புற்றாக மாறலாம் என்று சொல்லி டாக்டர் கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வருவதற்குள் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நான் பரீட்சைக்குப் படித்த லட்சணத்தைக் கேட்கவே வேண்டாம்.

புற்று இல்லை. ஆனால் செல்களில் மாற்றம் தொடங்கியிருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும், பீடியை விட வேண்டும், உதட்டில் பூசாமல் வெயிலில் இறங்கக் கூடாது என்றார்கள். நானே கடைக்குப் போய் வாங்கினேன். எஸ்.பி.எஃப் மட்டும் பார்த்தேன், வாசனையைப் பார்க்கவில்லை. ஸ்ட்ராபெர்ரி. அளத்தில் கூட வேலை செய்கிறவர்கள் ஒரு வாரம் ஓட்டியிருக்கிறார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போறியா என்று அவரை யாரும் கேட்டிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

நேற்று போன் பண்ணினார். "ஏலே, அந்தக் குச்சி தீந்துட்டு. வரும்போது வாசனை இல்லாதது ரெண்டு வாங்கிட்டு வா."

பீடியைப் பற்றிக் கேட்டேன். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார்.