நிறுத்திவைத்தலும் நிறுத்திவிடுதலும்

ஆங்கில வினைச்சொற்கள் தனியாக நிற்கும்போது ஏழைகள். கிவ், டேக், புட், கெட், லே என்று எல்லாம் ஓரசைச் சொற்கள். பின்னால் அப், ஆஃப், இன், அவுட் என்று ஒரு துண்டுச் சொல் வந்து உட்கார்ந்ததும் வினை வேறு ஆளாகிவிடுகிறது. கிவ் என்றால் கொடு. கிவ் அப் என்றால் கைவிடு. கிவ் இன் என்றால் பணிந்துபோ. கொடுப்பதற்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் இங்கிலீஷ்காரனும் விழிப்பான். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தன் அகராதியின் முன்னுரையிலேயே, அந்நியர்களுக்கு மிகுந்த தொல்லை தருவது இந்தச் சேர்க்கை என்று சொல்லியிருக்கிறார். ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயரை லோகன் பியர்சால் ஸ்மித் பரப்பியது 1925இல். இடையில் நூற்றெழுபது வருஷம் இந்த ஜாதிச் சொற்கள் சரியான பெயரில்லாமலே புழங்கிவந்திருக்கின்றன.

வேலூருக்குத் தெற்கே திருவண்ணாமலை ரோட்டில் இருக்கும் கணியம்பாடியில், சாயங்கால வேளைகளில் பையன்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன். நம் இலக்கணக் கையேடுகள் இந்தத் துண்டுச் சொற்களை வேற்றுமை உருபோடு ஒப்பிட்டுக் கற்பிக்கின்றன. இன் என்றால் ‘இல்’, டு என்றால் ‘கு’. பெயரோடு சேரும் இடத்தில் இந்த ஒப்பீடு ஏதோ செல்லும். வினையோடு சேர்ந்துவிட்டால் செல்லாது. லுக் ஆஃப்டர் என்பதில் ‘பிறகு’ எங்கே இருக்கிறது?

தமிழில் இதற்கு ஈடானது வேற்றுமை உருபு அல்ல, துணைவினை என்று எனக்குத் தோன்றுகிறது. விடு, கொள், வை, போ, போடு, தள்ளு, தொலை, கிட. இவையும் தம் சொந்த அர்த்தத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் இன்னொரு வினைக்குள் நுழைகின்றன. ‘எழுதித் தொலை’ என்பதில் எதுவும் தொலைவதில்லை; சொல்பவனுடைய பொறுமைதான் தொலைகிறது. இ. அண்ணாமலை இவற்றைப் பற்றியே ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1985இல் வந்தது. நம் எழுத்தாளர்களில் எத்தனை பேர் அதைப் புரட்டியிருப்பார்கள் என்று கேட்கப்போவதில்லை.

இரண்டு மொழிகளும் இங்கே பிரியும் விதம் முக்கியமானது. ஆங்கிலத் துண்டு அநேகமாகத் திசையிலிருந்து பிறக்கிறது: மேலே, வெளியே, அப்பால், உள்ளே. காரியத்தை ஒரு வெளியில் நிறுத்திப் பார்க்கும் பார்வை அது. தமிழ்த் துணைவினை காரியத்துக்கும் ஆளுக்கும் உள்ள உறவைச் சொல்கிறது: தனக்காகச் செய்தானா, முடித்தானா, பின்னால் வேண்டும் என்று செய்தானா, வேண்டாவெறுப்பாகச் செய்தானா. இது கறாரான எல்லைக்கோடு அல்ல. ஈட் அப் என்பதில் உள்ள ‘அப்’ திசையைத் துறந்துவிட்டு நம் ‘தின்று தீர்’ பக்கம் வந்துவிட்டது. ஆனாலும் இரண்டு மொழிகளின் சாய்வும் வெவ்வேறு பக்கம்தான்.

இது வெறும் இலக்கண சுவாரஸ்யமாக எனக்கு இருந்ததில்லை. பல வருஷங்களுக்கு முன் ராணிப்பேட்டைப் பக்கத்தில் ஒரு தோல் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்த ஒருவர், நோட்டீஸ் போர்டிலிருந்து எழுதிவந்த காகிதத்தை என்னிடம் நீட்டினார். நான்கு வரி ஆங்கிலம். நடுவில் ‘லெய்ட் ஆஃப்’.

“வேலை போயிடுச்சுன்னு போட்டிருக்காங்களா சார்?”

“போகல. நிறுத்தி வெச்சிருக்காங்க.”

அவர் கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “வெச்சிருக்காங்கன்னா அப்புறம் எடுத்துக்குவாங்க, இல்ல சார்?”

1947ஆம் வருஷத் தொழில் தகராறுச் சட்டத்தில், 1953இல் சேர்த்த பகுதி லே ஆஃப் என்றால் என்ன என்று வரையறுத்தது. கரி, மின்சாரம், மூலப்பொருள் இல்லாமை, சரக்குத் தேக்கம், இயந்திரப் பழுது போன்ற காரணங்களால் முதலாளி வேலை தர முடியாமல் போவது. தொழிலாளியின் பேர் ஆஜர்ப் பட்டியலிலேயே இருக்கும். தகுதியுள்ளவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி நஷ்ட ஈடு. ஆட்குறைப்பு என்பது வேறு, அதற்கு வேறு சொல், வேறு கணக்கு. ஆனால் இன்று அமெரிக்க வழக்கில் ‘லெய்ட் ஆஃப்’ என்றால் வேலை போயே போய்விட்டது என்றுதான் அர்த்தம். அதே வினை, அதே துண்டு. ‘ஆஃப்’ எவ்வளவு தூரம் அப்பால் என்று அந்தச் சொல் சொல்வதில்லை.

தமிழ் இதைச் சொல்லிவிடுகிறது. நிறுத்திவிட்டார்கள், நிறுத்திவைத்திருக்கிறார்கள்: இரண்டுக்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் அடுத்த மாசச் சாப்பாடு இருக்கிறது. நம் ‘வை’ பின்னால் வரப்போவதை மனசில் கொண்டு செய்யும் வினை. அவர் என் இலக்கணத்தைத்தான் பிடித்துக்கொண்டார், சட்டத்தை அல்ல. மொழிபெயர்ப்பவன் தருகிற துணைவினை ஒரு வாக்குறுதி மாதிரி ஆகிவிடுகிறது. கம்பெனி தராத வாக்குறுதியை நான் தந்துவிட முடியுமா என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.

இதே கணியம்பாடி, மருத்துவ உலகில் வேறொரு காரணத்துக்காகத் தெரிந்த பெயர். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக நலத் துறை இந்த ஒன்றியத்தில் பிறப்பு, இறப்புகளைத் தொடர்ந்து பதிந்துவருகிறது. சாவு நேர்ந்த வீட்டில் உறவினர்களை விசாரித்து, அவர்கள் சொல்வதிலிருந்து காரணத்தைத் தீர்மானிக்கும் முறை அது. சொற்களைக் கொண்டு செய்யும் பிரேதப் பரிசோதனை. 1994 முதல் 1999 வரையிலான கணக்கு 2003இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. சுமார் 1,08,000 பேர் உள்ள ஒன்றியத்தில் தற்கொலை வருஷத்துக்கு லட்சத்தில் 95.2. அரசு ஏடுகள் தேசம் முழுமைக்கும் அப்போது காட்டியது பத்து, பதினொன்றை ஒட்டித்தான்.

இந்த வித்தியாசத்தைப் படித்தபோது என் மனம் துணைவினைக்குத்தான் போயிற்று. இந்தப் பக்கத்துப் பேச்சில் ‘பத்திக்கிச்சு’ என்றால் விபத்து. ‘பத்த வெச்சிக்கிட்டா’ என்றால் தற்கொலை. ‘பத்த வெச்சிட்டாங்க’ என்றால் கொலை. தீ ஒன்றேதான், ஒரு வீடு எந்தச் சொல்லை வெளியே சொல்லத் துணிகிறதோ, அதையே ஏடு எழுதிக்கொள்ளும். ஆங்கிலப் படிவத்தில் தீக்காயம் என்று ஒரு பெயர்ச்சொல் போதும். அதற்கு வினையும் வேண்டாம், செய்தவரும் வேண்டாம். கேட்கிற ஆள் ‘கிட்டா’வுக்கும் ‘ட்டாங்க’வுக்கும் காது கொடுத்தால்தான் கணக்கு கணக்காகும்.

இனி நம் காரியம். இன்று சிறுபத்திரிகைகளில் வரும் மொழிபெயர்ப்புக் கவிதைகளில் மனிதர்கள் ‘வெளியே பார்க்கிறார்கள்’, ‘மேலே எழுகிறார்கள்’, ‘அப்பால் நகர்கிறார்கள்’. ஆங்கிலத் துண்டு அப்படியே வினையடையாக இறங்கிவிட்டது. இதில் கெட்டது என்னவென்றால், மொழிபெயர்ப்பு அல்லாத நம் சொந்தக் கவிதைகளும் இந்தத் திசைச் சொற்களில் எழுத ஆரம்பித்துவிட்டன. துணைவினை பேச்சு வழக்கு, அடர்த்தியைக் குலைப்பது என்று நறுக்கிவிடுகிறோம். சிக்கனம் நல்லதுதான். ஆனால் ‘அவள் போனாள்’ என்பது ‘அவள் போய்விட்டாள்’ என்பதன் சுருக்கம் அல்ல. முதலாவதில் ஒரு நிகழ்ச்சி மட்டும் இருக்கிறது. இரண்டாவதில் அதைப் பார்த்துக்கொண்டு பின்தங்கிய ஒருவன் இருக்கிறான். அவனுக்கு இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதும் இருக்கிறது. கவிதை பெரும்பாலும் அவனைப் பற்றியதாகவே இருந்துவந்திருக்கிறது.