சாவியைக் கொடுப்பதற்கு முன்னால்

எங்கள் அப்பா 55 வயது வரை குடியிருந்த வீட்டுக்கு ஒரு நாளும் வாடகை கொடுத்ததில்லை. இன்று பெஸ்தாரி ஜெயா என்கிறார்களே, அந்தப் பழைய பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் ஒரு தோட்டம். லயத்தில் ஒரு கூடம், ஓர் அறை, பின்னால் குசினி. வேலை இருக்கும் வரை வீடு உண்டு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 1984-இல் அப்பாவுக்கு ஓய்வு வந்தபோது கிராணியார் ஒரு கடிதத்தை நீட்டினார். மூன்று மாதத்தில் வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்று மலாயில் எழுதியிருந்தது. நான்தான் வாசித்துச் சொன்னேன். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பின்பக்கம் போய், தான் நட்டு வளர்த்த முருங்கையில் இருந்த காயையெல்லாம், பிஞ்சு கூட விடாமல், பறித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டை வாடகைக்கு விடுவதைப் பற்றி எழுத வந்தவள் இந்தப் பழங்கதையை ஏன் எடுத்தாள் என்று கேட்பீர்கள். 2023-இல் என் சொந்த வீட்டில் குடியிருந்த ஒருவரை, “காலி செய்யுங்கள்” என்று சொல்ல வேண்டிய இடத்தில் நான் நின்றேன். எனக்கு வாய் வரவில்லை.

அந்த வீடு புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்தில் ஒரு தாமானில் இருக்கிறது. ஒற்றை மாடி வரிசை வீடு. 1996-இல் என் கணவரின் சேமநிதிப் பணத்தைப் போட்டு, மீதிக்கு வங்கியில் கடன் எடுத்து வாங்கினோம். 25 ஆண்டுகள் மாதம் தவறாமல் கட்டி, 2021-இல் கடைசித் தவணையைக் கட்டிய அன்று என் கணவர் கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். மறு வருடமே மகளுக்கு இரண்டாவது குழந்தை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நாங்கள் பூஞ்சாக் ஆலாமுக்குக் குடிபோனோம். பூட்டிக் கிடந்தால் கரையான்தான் குடிவரும், வாடகைக்கு விடுங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள்.

வந்தவர் என் கணவர் பிறந்த தோட்டத்து ஆள். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். மனைவி, தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் ஒரு மகள். நல்ல குடும்பம். மாத வாடகை 500 வெள்ளி என்று பேசினோம். ஊர் வழக்கப்படி இரண்டு மாத வாடகை முன்பணம், மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் அரை மாத முன்பணம், அதற்கு மேல் முதல் மாத வாடகை என்று வாங்க வேண்டும். நாங்கள் ஒரு மாத முன்பணம் மட்டும் வாங்கினோம். பத்திரம் எழுதவில்லை. “நம்ம தோட்டத்து ஆளுகிட்டப் போயி கையெழுத்துக் கேக்கறதா?” என்றார் என் கணவர். எனக்கும் அது சரியென்றே பட்டது. மின்சாரக் கணக்கும் என் பெயரிலேயே கிடந்தது.

ஓராண்டுக்கு மேல் ஒழுங்காக வந்த வாடகை 2023 செப்டம்பரில் நின்றது. லோரிக்காரருக்கு முதுகில் அடி. குத்தகைக்காரரிடம் நாள் சம்பளத்துக்கு ஓடியவர். படுத்தால் சம்பளம் இல்லை. அக்டோபரில் நான் பஸ் ஏறிப் போனேன். அந்தப் பெண் தேநீர் போட்டுக் கொடுத்தாள். “அடுத்த மாசம் கண்டிப்பா கட்டிடறோம்க்கா” என்றாள். மகள் கூடத்தில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் தேநீரைக் குடித்துவிட்டு, பக்கத்து வீட்டு நாய்க் குட்டியைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். நவம்பரில் மின்சாரக் கட்டணப் பாக்கிக்கு எச்சரிக்கை வந்தது, என் பெயருக்கு. என் கணவர் பூட்டை மாற்றிவிடுகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

நல்ல வேளை, போகும் வழியில் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுப் போவோம் என்று கோலசிலாங்கூர் டவுனில் இறங்கினோம். அவர் சொன்னது எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாடகை கொடுக்காவிட்டாலும் குடியிருப்பவரை நாமாக வெளியேற்ற முடியாதாம். 1950-ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம், 7-ஆம் பிரிவு, வீட்டைத் திரும்பப் பெற நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்கிறது. பூட்டை மாற்றினால், தண்ணீரையோ மின்சாரத்தையோ வெட்டினால், வழக்கு நம் மேல் திரும்பும். பாக்கியை வசூலிக்க 1951-ஆம் ஆண்டின் டிஸ்ட்ரெஸ் சட்டம் இருக்கிறது: நீதிமன்ற ஆணை வாங்கி, வீட்டில் உள்ள சாமான்களைப் பிடித்து ஏலம் விட்டு, 12 மாதப் பாக்கி வரை எடுத்துக்கொள்ளலாம். அந்த வீட்டில் என்ன சாமான் இருந்தது? ஒரு டி.வி., ஒரு துணி துவைக்கும் இயந்திரம், அந்தப் பிள்ளையின் மேசை.

“பத்திரத்தைக் காட்டுங்கள்” என்றார் வழக்கறிஞர். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இதில் நான் கற்றுக்கொண்டதைச் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டும். நம்மில் பலர் இப்போதுதான் முதல் தலைமுறை வீட்டுக்காரர்கள். வாடகை ஒப்பந்தம் என்பது சந்தேகப்படுகிறவர்கள் எழுதுவது என்று நினைத்திருந்தேன். அது தப்பு. ஓராண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், நடுவில் மகனுக்கு வேண்டும், மருமகனுக்கு வேண்டும் என்று நானும் அவரை வெளியே அனுப்ப முடியாது. இத்தனை மாத அறிவிப்பு என்று எழுதியிருந்தால் அது இரண்டு பேரையும் கட்டும். வீட்டுக்காரரைக் காப்பாற்றும் அதே தாள் குடியிருப்பவரையும் காப்பாற்றுகிறது. எங்கள் அப்பாவிடம் அப்படி ஒரு தாள் இருந்ததில்லை. பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றி மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் என்று ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் அலைந்த செய்தியைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும் கையில் தாள் இல்லாதவர்களின் கதை அது. தாள் இல்லாத வாழ்க்கையின் கஷ்டம் தெரிந்த நாமே, நம்மவருக்கு வீடு கொடுக்கும்போது தாள் கேட்கக் கூச்சப்படுகிறோம்!

எழுதிய பத்திரத்தை 30 நாளுக்குள் முத்திரையிட வேண்டும். முத்திரை இல்லாத பத்திரத்தை நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது. செலவு பயப்படும்படி இல்லை. 2025 முதல் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு, ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் ஒரு வெள்ளி. மாதம் 500 வெள்ளி வீட்டுக்கு 24 வெள்ளி, நகலுக்கு 10 வெள்ளி. வருமான வரி வாரியத்தில் கணினி வழியாகவே செய்துகொள்ளலாம்; எனக்கு என் மகள் செய்து கொடுத்தாள். தங்கும் காலம், தவணை நாள், முன்பணம், அறிவிப்புக் காலம், எந்தப் பழுது யார் பொறுப்பு, இவையெல்லாம் அதில் இருக்கட்டும். சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து, மீட்டர் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்சாரக் கணக்கை அவர் பெயருக்கே மாற்றச் சொல்லுங்கள். இதைச் செய்யாததால் எனக்குப் போனது 420 வெள்ளி. வாடகையைக் கையில் வாங்காமல் வங்கியில் போடச் சொன்னால் ரசீதுப் புத்தகம் கூட வேண்டாம்.

அதற்கும் முன்னால், வீட்டை வாடகைக்கு விட நமக்கே உரிமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரூமா சிலாங்கூர்கூ வீடுகளை வாங்கியவர்தான் குடியிருக்க வேண்டும், வாடகைக்கு விடக் கூடாது. நிலப்பட்டாவில் நிபந்தனைகள் எழுதியிருக்கும். வங்கிக் கடன் இருந்தால் அந்தக் கடிதத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். நிலவரி மே மாதக் கடைசிக்குள், மதிப்பீட்டு வரி பிப்ரவரி, ஆகஸ்டுக் கடைசிக்குள். இவை எப்போதும் நம் பொறுப்புதான். வாடகை வருமானத்தை வரி பாரத்தில் காட்ட வேண்டும். இந்த இரு வரிகளையும், தீக்காப்புறுதி, பழுதுபார்ப்பு, கடன் வட்டி ஆகியவற்றையும் அதில் கழிக்கலாம். கடனின் அசலைக் கழிக்க முடியாது. முதல் வாடகைக்காரரைப் பிடிக்க ஆன செலவும் கழியாது.

ஈஜோக் பக்கம் சிலர் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு விட்டு நல்ல பணம் பார்க்கிறார்கள். தங்குகிறவர்களிடம் முறையான அனுமதி இல்லை என்றால் குடிநுழைவுச் சட்டத்தில் வீட்டுக்காரர் மேலும் குற்றம், அதுவும் தலைக்கு இவ்வளவு என்று. ஆகவே முதலாளியின் பெயரிலேயே ஒப்பந்தம் போட வேண்டும். தொழிலாளர் இலாகாவின் தங்குமிடச் சான்றிதழும் வேண்டும். யூனிசெல் மாணவர்களுக்கு விடுவது பரவாயில்லை என்கிறார்கள், ஒவ்வொரு விடுமுறைக்கும் சுவருக்குச் சாயம் அடிக்க நீங்கள் தயார் என்றால்.

மறுபடி என் கதைக்கு வருகிறேன். டிசம்பரில் நானும் கணவரும் அந்த வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. லோரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். கடைசியில் அந்தப் பெண்ணே பேசினாள். “அக்கா, நீங்க சொல்ல மாட்டீங்க, எனக்குத் தெரியும். நானே சொல்லிடறேன். பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் முடியற வரைக்கும் மட்டும் விடுங்க. அப்புறம் எங்கம்மா வீட்டுக்குப் போயிடறோம்.” அவளுடைய அம்மா தஞ்சோங் காராங்கில் இருக்கிறார். பள்ளித் தவணை பிப்ரவரியில் முடிகிறது.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் கைப்பையிலிருந்து பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்தேன். எத்தனையாம் தேதி காலி செய்கிறார்கள், அதுவரை எவ்வளவு பாக்கி, எப்படித் திருப்பிக் கொடுப்பார்கள் என்று தமிழில் எழுதி, நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம். இப்போது கூச்சமாக இல்லை; அந்தப் பெண்ணின் முகத்தில் கூட ஒரு தெளிவு வந்தது. பிப்ரவரி வரை எங்கேயும் போக வேண்டாம் என்பது இப்போது அவள் கையிலும் எழுத்தாக இருந்தது.

சொன்னபடி 2024 பிப்ரவரியில் போனார்கள். வீட்டைக் கூட்டி, தரை கழுவி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருந்தார்கள். ஆறு மாத வாடகை 3,000 வெள்ளி, மின்சாரம் 420. முன்பணம் 500-ஐக் கழித்தால் 2,920 வெள்ளி பாக்கி. இப்போது அந்த வீட்டில் ஓர் ஆசிரியை இருக்கிறார். பத்திரம், முத்திரை, படங்கள் எல்லாம் உண்டு. நான் நீட்டுவதற்கு முன்பே அவரே, “ஒப்பந்தம் எங்கேம்மா?” என்று கேட்டு வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்து, குழாய் ஒழுகுவதையும் எழுதச் சொன்னார்.

தஞ்சோங் காராங்கிலிருந்து 50, 50 வெள்ளியாக வருகிறது. சில மாதம் வருவதில்லை. மகளின் கைத்தொலைபேசிக்கு, “அக்கா, போட்டிருக்கேன்” என்று ஒரு வரி வரும். இதுவரை 19 முறை வந்திருக்கிறது. இன்னும் 1,970 வெள்ளி. அதே நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன்.