அரம் பிடித்த கை

பேராவூரணிப் பக்கத்தில் மரவாடி நடத்தும் நண்பரொருவர், மின்சார ரம்பத்தின் செயினைக் கூர் தீட்டுவதில் ஒரு பெரியவருக்குள்ள சாமர்த்தியத்தைப் பலகாலம் சிலாகித்துச் சொல்லிவந்தமையால், அவருடைய வேலையை நேரிற் காண வேண்டுமென்னும் ஆவல் மேலிட்டு அங்கே சென்றேன்.

பெரியவர் முதலிற் செய்த காரியம், பிளக்கைப் பிடுங்கித் தம் கண்ணெதிரே போட்டுக்கொண்டதுதான். "சுவிட்சை நிறுத்துனா போதாதுங்க ஐயா, பிளக்கு கண்ணு முன்னாடி கெடக்கணும்" என்றார். பின்னர் நான்கு மில்லிமீட்டர் உருட்டு அரத்தை எடுத்து, பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக, ஒரே சாய்வில், முன்னே தள்ளும்போது மட்டும் ராவி, திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் ராவல் கொடுத்துக்கொண்டே போனார். ஒரு பக்கத்துப் பற்கள் குட்டையாகிவிட்டால் அறுப்பு கோணலாக ஓடுமாம். பல்லுக்கு முன்னுள்ள சிறு மேட்டைத் தட்டை அரத்தால் தேய்க்கையில் அவர் மூச்சையே அடக்கிக்கொண்டார்; அது அளவுக்கு மீறித் தாழ்ந்தால் பல் ஆழமாகக் கடித்து ரம்பம் கையை மீறி எகிறும்.

இப்பல்லின் வளைவுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1946ஆம் ஆண்டில் ஜோசப் காக்ஸ் என்னும் அமெரிக்க மரம்வெட்டி, வண்டின் புழுவொன்று தன் வளைந்த தாடைகளால் இடமும் வலமுமாக மரத்தை அரித்துச் செல்வதைக் கூர்ந்து நோக்கி, மறு ஆண்டே அம்மாதிரியில் செயின் செய்து விற்கத் தொடங்கினார்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இப்பிரதேசத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது மின்கம்பங்களும் விழுந்துவிட, மின்சார ரம்பங்கள் முடங்கின. பெட்ரோல் ரம்பங்களே ஓடின. நாரும் மணலும் சேர்ந்த தென்னந்தண்டு செயினை விரைவில் மழுக்கிவிடும். சீவலாக விழவேண்டியது பொடியாக விழும். அரத்துக்கு மின்சாரம் வேண்டாமாகையால், பெரியவர் அரிக்கேன் வெளிச்சத்தில் இரவெல்லாம் ராவினார். சாய்ந்த மரங்களை அறுக்க வந்த காண்டிராக்டர்களோ மரத்துக்கு இவ்வளவென்று பேசி, கூர் தீட்டும் நேரத்துக்குச் சல்லிக்காசும் கொடாமல், புதுச் செயினின் விலையையும் தொழிலாளியின் கூலியிலேயே பிடித்துக்கொண்டார்கள். தோப்பை இழந்தவனிடமும் வாங்கி, ரம்பம் பிடித்தவனிடமும் பிடுங்கும் இவ்வக்கிரமத்தை வியாபாரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் சென்ற அன்று, பல்லின்மேலுள்ள எல்லைக்கோடு வரை தேய்ந்துவிட்ட வேறொரு பழைய செயினையும் பெரியவர் கழற்றினார். செயின் ஓடும் இரும்புப் பட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். புதியதை மாட்டி, பட்டையின் அடிப்பாகத்தில் தொய்வில்லாமலும் கையால் இழுத்தால் ஓடும்படியும் முறுக்கினார். "சூட்டுல முறுக்குன செயினை வேலை முடிஞ்சதும் தளர்த்திடணும், ஆறுனா சுருங்கி இழுக்கும்" என்றார்.

தோப்பில் மரம் அறுக்க ஆள் அமர்த்தும் அன்பர்கள், செயினுக்கும் அரத்துக்கும் கூர் தீட்டும் நேரத்துக்கும் உரிய தொகையைக் கூலியோடு கலக்காமல், தனியே, அத்தொழிலாளியின் கையிலேயே கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.