வேளைகெட்ட வேளையில் வந்த விருந்தாளி

என் மாமனாருக்கு வயசு 82. இருபது வருஷமாகச் சர்க்கரை வியாதி. இரவில் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். தினமும் விரலில் குத்தி, அளவு பார்த்துக் குறித்து வைப்பது என் பொறுப்பு. கையில் கிடைத்த துண்டுச் சீட்டில் குறித்து வைத்துக்கொண்டு, பத்து நாளைக்கு ஒரு தரம் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக ஏற்றிவிடுவேன். பெங்களூரில் இருக்கும் என் மகன் லீவுக்கு வந்தபோது சொல்லிக் கொடுத்த வித்தை. டாக்டரிடம் பிரிண்ட் எடுத்துப் போனால், "பரவாயில்லையே அம்மா!" என்பார். எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

போன மாதம் ஒரு நாள். ஒன்பது மணிக்கு டாக்டரிடம் டோக்கன். அந்தப் பத்து நாளில் மாமாவுக்கு இரண்டு தடவை விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி, சர்க்கரை 60-க்குக் கீழே இறங்கியிருந்தது. அதை டாக்டர் அவசியம் பார்த்தாக வேண்டும். ஏழு மணிக்கு உட்கார்ந்து எல்லாவற்றையும் அடித்து முடித்தேன். சீட்டுகளைக் கசக்கிக் கூடையில் போட்டேன். அடுப்பில் இட்லி வைத்த ஞாபகம் வந்து, சேவ் செய்யாமலே எழுந்து ஓடினேன். மாமாவுக்குப் பரிமாறி, குப்பையை வண்டியில் கொட்டிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால்...

திரையில் என் கட்டங்களைக் காணோம்! ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. 'அப்டேட் நடக்கிறது, கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்' என்று இங்கிலீஷில் ஓர் எச்சரிக்கை. 12 சதவீதம்தான் முடிந்திருந்தது.

வாசலில் ஆட்டோ வந்துவிட்டது. "என்னம்மா, கிளம்பலாமா?" என்கிறார் மாமா. வந்த ஆத்திரத்தில் என் கை சுவிட்சுக்கே போய்விட்டது.

"அணைக்காதேன்னு போட்டிருக்கே அம்மாடி, அப்புறம் உள்ளதும் போயிடப் போகுது" என்று அவர்தான் தடுத்தார். பாதியில் கரண்டை நிறுத்தினால் கம்ப்யூட்டர் மறுபடி எழுந்திருக்காமலே போகலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் முன்னால் வெறுங்கையோடு உட்கார்ந்தேன். அழுகை வராத குறை. அவர், "சர்க்கரை பார்க்கிற மெஷின் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். நல்ல வேளை, கைப்பையில் இருந்தது. பொத்தானை அழுத்த அழுத்த, பழைய அளவுகள் தேதியோடு ஒவ்வொன்றாக வந்தன! 58... 56... பார்த்துவிட்டு, இரவு இன்சுலினைக் குறைத்து எழுதினார். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

ராத்திரி மகனிடம் போனில் பொரிந்து தள்ளினேன். "இந்த அப்டேட் சனியன் இனிமேல் வரவே கூடாது. அடியோடு நிறுத்த வழி சொல்லு."

"ரீஸ்டார்ட் பண்ணட்டுமான்னு முன்னாடியே கேட்டிருக்குமே, நீ என்னம்மா பண்ணினே?"

"அப்புறம், அப்புறம்னு ஒரு வாரமா அமுக்கிட்டே வந்தேன்."

"அதான்! காத்திருந்து பார்த்துட்டுத் தானே பண்ணிடுச்சு."

பிறகு அவன் சொன்ன சமாசாரம் என் வாயை அடைத்தது. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற கம்ப்யூட்டர் கிருமி சுமார் 150 நாடுகளில் பரவி, பைல்களையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டதாம். இங்கிலாந்தில் பல அரசு ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளின் விவரங்களைத் திறக்க முடியாமல், ஆயிரக்கணக்கானவர்களுக்கு டாக்டரைப் பார்க்கும் தேதி ரத்தாயிற்றாம். இத்தனைக்கும் அது நுழைந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டது. பெரும்பாலும் அதைப் போடாமல் விட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். பத்து நாள் குறிப்பு போனதற்கே நான் அந்தத் தவிப்புத் தவித்தேன். அந்த ஆஸ்பத்திரிகளில் காத்திருந்தவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்!

தடுப்பூசி போடுகிற நாளில் குழந்தைக்கு ஜுரம் என்றால், ஒரு வாரம் தள்ளிப் போடுகிறோம். ஊசியே வேண்டாம் என்று சொல்வதில்லையே. இதுவும் அப்படித்தான்.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் 'விண்டோஸ் அப்டேட்' பகுதிக்குப் போங்கள். 'பாஸ் அப்டேட்ஸ்' என்பதில் ஒரு வாரத்திலிருந்து ஐந்து வாரம் வரை தள்ளிப் போடலாம். பிள்ளைகளின் பரீட்சை, கணக்கு முடிக்கிற நாள் போன்ற சமயங்களில் கை கொடுக்கும். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்று ஒன்று உண்டு. நாம் வேலை செய்கிற நேரத்தை அதில் கொடுத்துவிட்டால், அப்போது தானாக ரீஸ்டார்ட் ஆகாது. 18 மணி நேரம் வரை கொடுக்கலாம். நான் காலை 5 முதல் இரவு 10 வரை என்று வைத்திருக்கிறேன். செல்போன் டேட்டாவை வைத்துக் கம்ப்யூட்டரை ஓட்டுகிறவர்கள், வைஃபை விவரங்களில் 'மீட்டர்டு கனெக்ஷன்' என்பதைப் போட்டுவிடுங்கள். பெரும்பாலான அப்டேட்டுகள் கேட்காமல் இறங்கி டேட்டாவைக் காலி செய்யாது.

மாதா மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி இரவில், புது அப்டேட் வெளியாகிறது. அந்த வாரச் சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக் கடை முடிந்ததும், எல்லாவற்றையும் சேவ் செய்து மூடிவிட்டு, நானே அப்டேட் பட்டனைத் தட்டிவிடுகிறேன். அது பாட்டுக்கு நடக்கட்டும் என்று நானும் சற்றே கண்ணயர்கிறேன்.

இன்னொன்று. துண்டுச் சீட்டுகளுக்கு விடை கொடுத்துவிட்டு, ஒரு டைரியை அடுப்படி அலமாரியில் வைத்திருக்கிறேன். அளவுகளை முதலில் அதில்தான் எழுதுகிறேன். டாக்டரிடம் போகும்போது மெஷினையும் மறப்பதில்லை.

சனிக்கிழமை வந்தால் மாமா மட்டும் விடாமல் கேட்கிறார்: "என்னம்மா, உன் விருந்தாளி வந்தாச்சா?"

"நான் கூப்பிட்ட நேரத்துக்கு வந்தாச்சு மாமா!"