மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன்

18 வயதுப் பையன் ஒருவன் கத்திக்குத்துப் பட்டுச் சாவதை நான் ரசித்துப் பார்த்திருக்கிறேன். சினிமாச் சாவு அல்ல, நிஜச் சாவு. நிஜம் என்று தெரிந்தேதான் பார்த்தேன். பார்த்ததோடு நிற்கவில்லை, பின்னால் ஓட்டி மறுபடியும் பார்த்தேன். வீட்டுக்கு வந்தவர்களை உட்காரவைத்துக் காட்டினேன். பல வருடங்கள் இது தப்பு என்றே எனக்கு உறைக்கவில்லை. இசை ரசனை என்ற பெயரில் இந்தப் பழக்கம் என் வீட்டில் மரியாதையாகக் குடியிருந்தது.

'கிம்மி ஷெல்ட்டர்' என்பது அந்தப் படம். ஆல்பர்ட் மெய்ஸில்ஸ், டேவிட் மெய்ஸில்ஸ் சகோதரர்களும் ஷார்லட் ஸ்வெரினும் சேர்ந்து உருவாக்கி 1970 டிசம்பரில் வெளிவந்த ஆவணப்படம். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 1969இல் அமெரிக்காவில் செய்த சுற்றுப்பயணத்தின் கடைசி நாட்களைப் பதிவு செய்தது. ராக் இசையில் அந்த வருடத்து ஸ்டோன்ஸுக்கு மேல் எனக்கு எதுவும் கிடையாது. இன்றும் அதில் மாற்றமில்லை. குழுவில் கிதார் வாசித்த பிரையன் ஜோன்ஸ் அந்த ஜூலையில் இறந்துபோனார். அவருடைய இடத்துக்கு 20 வயது மிக் டெய்லர் வந்திருந்தார். நவம்பர் இறுதியில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் எடுத்த காட்சிகளில் கீத் ரிச்சர்ட்ஸ் தாளத்தை வெட்டி வெட்டிப் போடுவார். டெய்லரின் கிதார் அதன்மேல் இழுபட்டு நீளும். பின்னால் டிரம்ஸில் சார்லி வாட்ஸ், ஜாஸ் வாசிப்பவர்கள் பிடிப்பதுபோல் இடது கைக் குச்சியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் வாசிப்பார். இத்தனை ஆர்ப்பாட்டமும் அவர் ஒருவரின் நிதானத்தின்மேல் நிற்பதை அந்தப் படத்தில் கண்ணால் பார்க்கலாம்.

இதற்காகத்தான் பார்க்கிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1969 டிசம்பர் 6. வட கலிஃபோர்னியாவில் ஆல்டமான்ட் என்ற கார்ப் பந்தயத் திடலில் ஸ்டோன்ஸ் ஓர் இலவசக் கச்சேரி நடத்தினார்கள். டிக்கெட் விலை அதிகம் என்று சுற்றுப்பயணம் முழுக்க அவர்கள்மேல் விமர்சனம் இருந்தது. வுட்ஸ்டாக் இசைவிழா முடிந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை; மேற்குக் கரையிலும் அப்படி ஒன்று வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. முதலில் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்கா என்றார்கள், பிறகு சியர்ஸ் பாயின்ட் என்றார்கள். கடைசி இரண்டு நாளில் இடம் ஆல்டமான்டுக்கு மாறியது. சியர்ஸ் பாயின்ட்டில் மேட்டுக்கு மேல் போடுவதாக இருந்த தாழ்வான மேடையை இங்கே சரிவின் அடியில் கொண்டுவந்து போட்டார்கள். ஆள் இடுப்பு உயரம் இருந்தால் அதிகம். எதிரே ஏறத்தாழ 3 லட்சம் பேர். மேடையைச் சுற்றிக் காவலுக்கு நின்றது ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற மோட்டார் சைக்கிள் கும்பல். அவர்களுக்குக் கூலி 500 டாலருக்கு பீர் என்று சொல்லப்படுகிறது. கையில் வைத்திருந்த பில்லியர்ட்ஸ் கோல்களால் பகல் முழுவதும் கூட்டத்தை அடித்தார்கள். ஜெஃபர்சன் ஏர்பிளேன் பாடிக்கொண்டிருக்கும்போதே அதன் பாடகர் மார்ட்டி பேலினை நினைவிழக்கும் அளவுக்கு அடித்தார்கள்.

இருட்டியபின் ஸ்டோன்ஸ் வந்தார்கள். படத்தில் அந்தப் பகுதி முழுவதும் எனக்கு மனப்பாடம். மேடையின் குறுக்கே ஒரு நாய் நடந்துபோகும். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணீரோடு தலையாட்டிக்கொண்டிருப்பாள். குழுவின் பாடகர் மிக் ஜாகர் கூட்டத்தைப் பார்த்து அமைதியாக இருங்கள் என்று கெஞ்சுவார். கீத், ஏஞ்சல்ஸில் ஒருவனைக் கைகாட்டி, அவன் நிறுத்தாவிட்டால் நாங்கள் வாசிக்கமாட்டோம் என்று அதட்டுவார். பாட்டு நிற்கும், தொடங்கும், மறுபடி நிற்கும். பிறகு 'அண்டர் மை தம்ப்' தொடங்கும். அது தொடங்கும்போதே என் நெஞ்சு வேகமாக அடிக்க ஆரம்பித்துவிடும். பாட்டுக்காக அல்ல. வரப்போவது எனக்குத் தெரியும்.

கூட்டம் திடீரென்று பிளந்து ஒரு வட்டம் உண்டாகும். பச்சை சூட் போட்ட கறுப்பின இளைஞன் ஒருவன் அதற்குள் தடுமாறி வருவான். அவனுடைய கை நீளும். உடன் வந்த பெண்ணின் வெள்ளைப் பின்னல் உடை பின்னணியாக இருப்பதால் அந்தக் கையிலிருக்கும் துப்பாக்கியின் கறுப்பு வடிவம் ஒரு நொடி தெளிவாகத் தெரியும். ஏஞ்சல்ஸில் ஒருவன் பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டபடியே மறுகையால் கத்தியை ஓங்கிக் குத்துவான். இருவரும் சட்டகத்தை விட்டு வெளியே போய்விடுவார்கள். எல்லாம் சில நொடி. மேடையிலிருந்து டாக்டரைக் கூப்பிடுவார்கள். ஸ்டோன்ஸ் தொடர்ந்து வாசித்து முடித்தார்கள். நடுவில் நிறுத்தினால் இன்னும் பெரிய கலவரம் வெடிக்கும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது.

எனக்கு எந்தக் கலவரத்தின் பயமும் இல்லை. நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். டிவிடி வைத்திருந்த காலத்தில் ரிமோட்டில் விரல் தயாராக இருக்கும். அந்த இடம் வந்ததும் பின்னால் ஓட்டுவேன், மெதுவாக ஓட்டுவேன், நிறுத்துவேன். பிறகு கணினியில் அந்தக் காட்சியை மட்டும் தனியாக வெட்டி எடுத்துப் போனில் வைத்துக்கொண்டேன். ராக் இசை பற்றிப் பேச்சு வந்தால், வாய்ப்புக் கிடைத்தால், எடுத்துக் காட்டுவேன். காட்டும்போது என் குரலில் ஒரு பெருமை இருக்கும், நானே எடுத்த படம்போல.

இதற்கு நான் வைத்திருந்த சமாதானங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, அது வரலாறு என்பேன். அறுபதுகளின் கனவு ஆல்டமான்டில் செத்தது என்று எல்லாக் கட்டுரைகளும் எழுதுகின்றன. நானும் அதையே ஒப்பித்தேன். ஒரு காலகட்டம் செத்தது என்று பெரிதாகப் பேசிக்கொண்டே, செத்தவன் ஒரு மனிதன் என்பதை எளிதாகத் தாண்டிப் போனேன். இன்னொன்று, அவன் கையில் துப்பாக்கி இருந்ததே என்பேன். அது உண்மை. குத்திய ஆலன் பஸாரோவின் மேல் கொலை வழக்கு நடந்தது. ஜூரிகளுக்கு இந்தப் படச்சுருளையே போட்டுக் காட்டினார்கள். தற்காப்பு என்று ஏற்று 1971 ஜனவரியில் விடுதலை செய்தார்கள். ஆனால் கை துப்பாக்கிக்குப் போவதற்கு முன்பே ஏஞ்சல்ஸ் அவனைப் பிடித்து இழுத்து அடித்தார்கள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னதையும் நான் படித்திருந்தேன். வெள்ளைப் பெண்ணோடு வந்த கறுப்பின இளைஞனுக்கு அந்த மேடையோரம் எப்படிப்பட்ட இடமாக இருந்திருக்கும் என்று யோசிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. எனக்கு வசதியானது மட்டும் மனதில் நின்றது. துப்பாக்கியை நினைவு வைத்துக்கொண்டால் என் நாயகர்கள்மேல் பழி விழாது. எனக்கும் உறுத்தாது.

நான் வளர்ந்த தெருவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தெரு முழுக்க ரேடியோவை நிறுத்திவிடுவார்கள். பேச்சுவார்த்தை இல்லாத வீடாக இருந்தாலும் பிணம் எடுக்கும்வரை பாட்டுச் சத்தம் கேட்காது. அந்த ஒழுங்கில் வளர்ந்தவன் நான். எங்கோ, என்றோ, யாரோ, அதுவும் திரையில் என்று ஆனதும் அந்த ஒழுங்கு என்னிடமிருந்து கழன்றுவிட்டது. பாட்டை நிறுத்தாதது மட்டுமல்ல, சாவையே பாட்டின் உச்சமாக ஆக்கிக்கொண்டேன்.

என் தம்பி மகன் கிதார் கற்றுக்கொள்ள ஆரம்பித்தபோது என்னிடம் வந்தான். எனக்குத் தெரிந்ததை எல்லாம் அவனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு. மேடிசன் ஸ்கொயர் கார்டன் காட்சிகளைப் போட்டுக் காட்டினேன். பையன் பார்த்தான், கொஞ்ச நேரத்தில் போனை நோண்ட ஆரம்பித்தான். அவன் கவனம் கலைவது எனக்குப் பொறுக்கவில்லை. "இருடா, இதைப் பாரு" என்று அந்தத் துண்டை எடுத்தேன். எங்கே பார்க்க வேண்டும் என்று திரையில் விரல் வைத்துக் காட்டினேன்.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். முடிந்ததும், "பெரியப்பா, இன்னொரு தடவை போடுங்க" என்றான். போட்டேன். "நிஜமாவா?" என்று கேட்டான். நிஜம்தான் என்றேன். அவன் கண் விரிந்தது. வாயோரத்தில் ஒரு சிரிப்பு. "யாரு பெரியப்பா அது?" என்றான். "யாரோ கூட்டத்துல இருந்த ஒருத்தன்" என்றேன்.

எனக்குப் பெயர் தெரியும். படத்தைப் பற்றி எழுதிய எல்லாவற்றிலும் அந்தப் பெயர் இருக்கிறது. தெரிந்தும் சொல்லவில்லை. பெயரைச் சொன்னால் அந்தச் சுவை கெட்டுவிடும் என்று எனக்குள் ஏதோ ஒன்றுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருடத்தில் நான் செய்ததிலேயே கீழானது அந்த ஒரு பதில்தான். படத்தைப் பார்த்ததுகூட அதற்கு அடுத்துத்தான் வரும்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவன் முகம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அந்தக் காட்சியைக் காட்டும்போது நான் எப்போதும் திரையைத்தான் பார்ப்பேன்; பார்ப்பவர்களின் முகத்தை அதுவரை கவனித்ததில்லை. அந்தப் பையன் முகத்தில் இருந்தது நான் கற்றுக்கொடுத்த முகம்.

பார்ப்பவர்களின் முகத்தைக் கவனிப்பது படத்திலேயே இருக்கிறது. அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. மெய்ஸில்ஸ் சகோதரர்கள் ஜாகரையும் சார்லி வாட்ஸையும் எடிட்டிங் மேசைக்கு முன்னால் உட்காரவைத்து, எடுத்த காட்சிகளைப் போட்டுக் காட்டுகிறார்கள். குத்து விழும் இடத்தை டேவிட் மெய்ஸில்ஸ் பின்னால் ஓட்டி, நிறுத்தி, ஜாகருக்குக் காட்டுகிறார். ஜாகர் பார்க்கிறார், எழுந்து போகிறார். அவர் முகத்தில் குற்ற உணர்வு இருக்கிறதா, இல்லையா என்று நான் நண்பர்களோடு மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறேன். இல்லை என்பது என் கட்சி. கல்நெஞ்சக்காரன் என்று ஜாகரைத் திட்டியபடியே அதே காட்சியை மறுபடி ஓட்டியவன் நான். என் முகத்தை யாரும் படம் எடுக்கவில்லை.

ஒரே படச்சுருள். நீதிமன்றம் அதை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தது, என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள. படம் எடுத்தவர்கள் ஓட்டிப் பார்த்தார்கள், தங்கள் முன்னால் நடந்ததற்கு முகம் கொடுக்க. நான் ஓட்டிப் பார்த்தது ருசிக்காக. இந்தக் காட்சியைப் படத்தில் வைத்திருக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அதை நீக்கியிருந்தால் ஆல்டமான்ட் ஒரு நல்ல கச்சேரியாக நினைவில் நின்றிருக்கும். அது பெரிய பொய்யாக இருந்திருக்கும். படத்தில் கோளாறு இல்லை. அதை வெட்டி, முன்னும் பின்னும் இல்லாமல் ஒரு வேடிக்கையாக்கியது என் கை.

அதன்பிறகுதான் நான் வருடக்கணக்கில் தவிர்த்துவந்ததைத் தேடிப் படித்தேன். அவன் பெயர் மெரடித் ஹன்டர். பெர்க்லியைச் சேர்ந்தவன். வெல்லேஹோ நகரத்தில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். பல ஆண்டுகள் அந்த இடத்தில் ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை. உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் அவன் சாவதைப் பார்த்தார்கள்; அவனைப் புதைத்த இடம் பெயரில்லாமல் கிடந்தது. 2006இல் சாம் கிரீன் என்ற இயக்குநர் அதைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தார். கல்லறை இருக்கும் வரிசை எண்தான் அதன் தலைப்பு: 'லாட் 63, கிரேவ் சி'. அதற்குப் பிறகுதான் நன்கொடை சேர்த்து அங்கே ஒரு கல் வைத்தார்கள். ஆல்டமான்டில் அன்று இறந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். இருவர் மேல் கார் ஏறியது, ஒருவர் கால்வாயில் மூழ்கினார். அந்த மூவரின் சாவு படத்தில் பதிவாகவில்லை. அதனால் நான் அவர்களைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. இதுவும் என்னைப் பற்றிய ஓர் உண்மை.

போனிலிருந்த துண்டை அழித்துவிட்டேன். தம்பி மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பெயரைச் சொன்னேன், வயதைச் சொன்னேன், யாரோ ஒருத்தன் என்று நான் சொன்னது பொய் என்றேன். உன்னைவிட ஒரு வயதுதான் மூத்தவன் என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். பிறகு, "நான் அதை அன்னைக்கே என் ஃபிரெண்ட்ஸ் குரூப்ல போட்டுட்டேன் பெரியப்பா" என்றான். நான் குளிக்கப் போயிருந்தபோது என் போனிலிருந்து தனக்கு அனுப்பிக்கொண்டானாம். அவனை நான் எப்படித் திட்டுவது? அது இப்போது எத்தனை போன்களில் இருக்கிறதோ, எத்தனை பேர் இன்னொரு தடவை போடச் சொல்கிறார்களோ. அதை என்னால் திரும்பப் பெற முடியாது.

ஸ்டோன்ஸை நான் விடவில்லை. விடவும் மாட்டேன், அந்த இசை எந்தக் குற்றமும் செய்யவில்லை. படத்தையும் பார்க்கிறேன், பார்த்தால் தொடக்கத்திலிருந்து முடிவுவரை, எங்கும் நிறுத்தாமல். 'அண்டர் மை தம்ப்' தொடங்கும்போது நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது. அது பயமா, வருத்தமா, பழைய ருசியின் மிச்சமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்றும் இருக்கலாம். திருந்திவிட்டேன் என்று எழுத எனக்குத் தகுதியில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் துண்டு என்றாவது உங்கள் கைக்கு வந்தால், அது என்னிடமிருந்து கிளம்பியதாகக்கூட இருக்கலாம். யாராவது உங்களிடம் அது யார் என்று கேட்டால் யாரோ ஒருவன் என்று சொல்லாதீர்கள். மெரடித் ஹன்டர் என்று சொல்லுங்கள். வயது 18 என்றும் சொல்லுங்கள்.